பிரஷ் துடைத்த இடம்

அதற்குக் கால் இருப்பதைப் பார்த்த பிறகுதான் அது ஓர் ஆள் என்று பெயிண்டருக்குப் பிடிபட்டது. ரயில் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய சுவரில், முழங்கால் உயரத்தில் அது போய்க்கொண்டிருந்தது. வளைந்த முதுகு, முதுகின் மேல் ஒரு பாரம். கதவா, மெத்தையா, பெட்டியா என்று சொல்ல முடியாத பாரம். பாரத்துக்கு அடியிலிருந்து தலை மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. உடம்பு மங்கிய பச்சை. கால்கள் மட்டும் வெள்ளி நிறத்தில், குச்சி போல, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக. கண் கிடையாது, வாய் கிடையாது. ஆனாலும் எங்கோ போய்ச் சேர வேண்டிய அவசரம் அதன் முதுகில் தெரிந்தது.

சைக்கிளை எடுக்க வந்த பெயிண்டர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணே, சாவி விழுந்துடுச்சா?" என்றார் பின்னால் வழி கிடைக்காமல் நின்றவர்.

"இல்லப்பா. ஆள் ஒருத்தர் போறாரு."

கேட்டவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் போகவில்லை. இதற்கு மேல் பேச்சுக் கொடுப்பது உடம்புக்கு ஆகாது என்று தன் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

பெயிண்டருக்கு ஊரில் "ரெண்டு கோட்" என்று பெயர். ஒரு பூச்சு போதும் என்று சொல்லும் வீட்டில் அவர் ஏணியைச் சாய்க்கமாட்டார். "ஒரு கோட்டுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று கிளம்பிவிடுவார். வேலையை யாரிடமும் முறையாகக் கற்றவரில்லை. பார்த்தும் கெடுத்தும் திருத்தியும் தானாக வந்தது. அதனாலேயே ஒவ்வொன்றுக்கும் அவரிடம் சொந்தமாக ஒரு சட்டம் இருந்தது. பட்டி காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்கமாட்டார். புறங்கையை வைத்துப் பார்ப்பார். மழைக்கால ஈரம் இறங்கிய சுவரைத் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் தொடங்குவார். பிரஷை வாளி விளிம்பில் வழிக்கவே மாட்டார். விளிம்பில் வழித்தால் பெயிண்ட் அங்கே ஆடையாகக் காய்ந்து, உதிர்ந்து உள்ளே விழும். அது பொடிப்பொடியாகச் சுவரில் ஏறும். அதனால் பெயிண்டில் முக்கியெடுத்த பிரஷைப் பக்கத்தில் இருக்கிற, யாருக்கும் வேண்டாத ஒரு சுவரில் துடைத்துவிட்டு வருவார். சந்துச் சுவர், மோட்டார் அறையின் பின்பக்கம், எது கைக்கு எட்டுகிறதோ அது. மனைவியின் தம்பிதான் தொழிலில் கூட்டாளி. வாய்ச்சாமர்த்தியம் அவன் கணக்கு, கைச்சாமர்த்தியம் இவர் கணக்கு என்று வெகுநாளாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் படமும் வரைவார். மனைவி திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிற அறையில், தையல் மெஷினுக்கு எதிர்மூலை அவருடையது. டப்பா அடியில் மிஞ்சிய பெயிண்ட், தச்சர் கழித்துப் போட்ட பிளைவுட் துண்டு, இரண்டும் போதும். ஆரம்பத்தில் காலண்டரைப் பார்த்து ஏரியும் மலையும் போட்டார். மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே பார்த்துவிட்டு, "தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆனா காலை நனைக்கணும்னு தோணலையே" என்பாள். அவருக்கு ரோசம் வரும். ஆனால் அவருக்கும் நனைக்கத் தோன்றியதில்லை.

அந்தப் பச்சை ஆளைப் பார்த்த பிறகு ஏரி, மலை எல்லாம் போய்விட்டன. அவர் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். இத்தனை வருடம் சுவரைப் பார்த்தவர்தான், ஆனால் இன்னும் பூசப்படாத இடமாகத்தான் பார்த்திருந்தார். இப்போது பூச வேண்டாத இடமாகப் பார்த்தார். சுவரொட்டியின் மேல் சுவரொட்டி ஒட்டி, மழையில் ஊறி, யாரோ நகத்தால் கிழித்த இடத்தில் அடியிலிருந்து ஒரு சிவப்புக் கன்னமும் இரண்டு எழுத்தும் தெரிந்தன. ஜன்னல் கம்பியிலிருந்து துரு இறங்கிய கோடு, குழாய் கசிந்த இடத்தில் பாசி பிடித்த வட்டம், கடை ஷட்டரில் கீறியிருந்த முகம். நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். மைத்துனன், "மாமா, அந்தச் சுவருக்கு நமக்கு இன்னும் வேலை வரல, வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பான்.

பிறகு பிளைவுட்டில் அதைச் செய்ய முயன்றார். நீலம் பூசிக் காயவிட்டு, அதன் மேல் மஞ்சள், அதன் மேல் சாம்பல் என்று மிச்சமிருக்கிற நிறத்தையெல்லாம் அடுக்கினார். பிறகு பட்டித் தகட்டால் அங்கங்கே சுரண்டினார், உப்புத்தாளால் தேய்த்தார். அடியில் புதைந்தது மேலே வந்தது. எவ்வளவு வரும், எங்கே வரும் என்று அவருக்கே தெரியாது. பகலெல்லாம் பழைய கறையை இரண்டு பூச்சுக்கு அடியில் மறைக்கிறவர், மாலையில் வந்து மறைத்ததைத் தோண்டுகிறார். இரண்டில் எது தன் வேலை என்று ஒரு நாள் கேட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கடைசியில் பலகையின் நடுவில் பாரம் தூக்கிய ஆளை வைப்பார். அங்கேதான் கை தடுமாறும். அவர் போடுகிற ஆள் நின்றுவிடும். முதுகு வளையும், ஆனால் நடக்காது. தெருவில் இருந்ததைப் போட்டது யாரோ, அவர் எப்பேர்ப்பட்ட கைக்காரர் என்று வியந்து வியந்து மாய்ந்துபோவார். யோசிக்காமல், கை கூசாமல், ஒரே வீச்சு. கல்லூரியில் படித்த உயரமான ஒருவர், தாடி வைத்திருப்பார், பேசும்போது சிரிக்கமாட்டார் என்று மனத்தில் ஒரு உருவம்கூட உண்டாகிவிட்டது. மருந்துக்கடைச் சந்தில் ஒன்று, தபால் நிலையத்துப் பின்சுவரில் ஒன்று என்று ஊரில் புதிதாக ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்கு அவரைப் பார்த்தேன்" என்று மனைவியிடம் சொல்வார்.

"ஆளையா?"

"ஆளை இல்ல. ஆள் போட்ட ஆளை."

"நல்லது. அவராவது கூலி கேக்காம பூசறாரே."

கிழிந்த துணியைச் சுருட்டி ஒற்றி, தகட்டால் இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து, வெகுநாள் போராடியதில் அவருடைய ஆளும் மெல்ல ஓர் அடி எடுத்து வைத்தது. நொண்டிதான். ஆனால் நடந்தது.

நூலகத்துக்குத் திரைச்சீலை வாங்க வந்த நூலக அம்மா, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை மறந்தார். நாலு பலகைகளை எடுத்துப்போய் வாசிப்பு அறையில் மாட்டினார். படிக்க வந்தவர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்கள். நூலகத்தின் மேற்குப் பக்கம், தெருவைப் பார்த்த பெரிய சுவர், ஜன்னல்கூடக் கிடையாது. அதில் இந்த ஊர்க்காரர் யாரையாவது வரையச் சொல்ல வேண்டும் என்று நூலகக் குழுவுக்கு ஓர் எண்ணம். அந்தச் சுவரை ரெண்டு கோட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

பெயிண்டர் அன்றே போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஊரில் பாதிச் சுவருக்கு அவர் நிறம் பூசியிருக்கிறார். ஒன்றுக்காவது நிறத்தை அவர் தேர்ந்ததில்லை. வீட்டுக்காரர் சொல்வார், வீட்டுக்காரர் மனைவி மாற்றிச் சொல்வார், இவர் கலக்குவார். இப்போது ஒரு முழுச் சுவர், நீ என்ன நினைக்கிறாயோ போடு என்கிறது. அந்தச் சுவரைத் தவிர அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் நூலக அம்மா கைப்பேசியை நீட்டினார். மருந்துக்கடைச் சந்து ஆள் அதில் இருந்தது.

"இதப் பாருங்க."

"ஆமா மேடம், அவரோடது."

"எவரோடது?"

"தெரியாது மேடம்."

"அப்ப உங்க படத்துல இருக்கறது?"

"அது என்னோடது. அவரோடதப் பார்த்துப் போட்டது. பலகை என்னோடது, அடுக்கின நிறம் என்னோடது, சுரண்டினது நான். அந்த ஆளு மட்டும்தான் அவரோடது."

"படமே அந்த ஆளுதானே?"

பெயிண்டர் தலையைச் சொறிந்தார். நூலக அம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"குழுவுல கேக்கறாங்க. தெருவுல இன்னொருத்தர் வரைஞ்சத எடுத்து நம்ம சுவத்துல போட்டுட்டு, நாளைக்கு அவரு வந்து வாசல்ல நின்னா நான் என்ன சொல்லுவேன்? அவரைக் கண்டுபிடிச்சு சரின்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க. இல்ல, இது என்னோடதுதான்னு அடிச்சுச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு. கட்டடத்துக்கு எப்படியும் உங்க மச்சான்தான் பெயிண்ட் அடிக்கப் போறாரு. மத்த மூணு பக்கமும் முடியறதுக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா மேற்குச் சுவருக்கும் அதே கிரீம் கலர்தான்."

பெயிண்டர் நேராக மருந்துக்கடைச் சந்துக்குப் போனார். ஆளின் உடம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் மாவு போல ஒட்டியது. சுவருக்குப் பூசுகிற சாதாரண பெயிண்ட். காலைத் தேய்த்தார், பளபளப்புக்கூடக் குறையவில்லை. கார் பெயிண்ட். பெயிண்ட் தெரிந்துவிட்டால் ஆள் எவ்வளவு தூரம்? வண்டிப் பட்டறைகளில் ஏறி இறங்கினார்.

மூன்றாவது பட்டறையில் ஒரு காரின் கதவுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தவளை "மாஸ்க்" என்று கூப்பிட்டார்கள். முப்பது வயதிருக்கும். மூக்கையும் வாயையும் மூடிய முகமூடியைக் கழற்றாமலே, அதை ஓரமாகத் தூக்கி, டீயை உறிஞ்சினாள். அவளுக்குப் பக்கத்து மேசையில் வெள்ளி நிற டப்பா திறந்திருந்தது.

"சுவத்துல போற ஆளுங்க..." என்று தொடங்கினார்.

"முனிசிபாலிட்டியா?"

"பெயிண்டர்."

அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். "அது தெரியுது. ஊர் நிறமெல்லாம் உங்க மேலதான் இருக்கு. என்ன வேணும்?"

"அதெல்லாம் வரையறது நீங்கதானா?"

"நான் வரையல."

"கால்ல இருக்கறது இந்த டப்பா."

"கால் என்னோடது அண்ணே. ஆள் என்னோடது இல்ல." அவள் டீயை வைத்தாள். "அதுங்க ஏற்கெனவே நின்னுட்டு இருந்துச்சு. ஊரெல்லாம் நிக்குது. முட்டி உசரத்துல, பாரத்தைத் தூக்கிட்டு, குனிஞ்சுட்டு. கால் இல்லாம எப்படிப் போகும், பாவம்? சாப்பாட்டு நேரத்துல தெரு காலியா இருக்கும்ல, போய் கால் வச்சிட்டு வந்துருவேன். அவ்வளவுதான்."

"அப்ப ஆளை வரையறது யாரு?"

"அதான் எனக்கும் தெரியல. பெரிய கை. பேர் போடறதில்ல, ஒண்ணும் போடறதில்ல. நான் இவ்வளவு அழகாப் போட்டிருந்தா சும்மா போவேனா? ஊரைக் கூட்டிருக்க மாட்டேன்?"

அவளுக்கும் தாடி வைத்த ஒருவர் மனத்தில் இருந்தார் போலிருந்தது.

இன்னும் கால் வைக்காத ஒன்றைக் காட்டுகிறேன் என்று அவரை அழைத்துப் போனாள். ஒரு மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்து. எதிர்ச்சுவரின் அடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், வெளிர் நீலத்தில் அது நின்றது. கால் இல்லாமல் பார்த்தபோது பெயிண்டருக்கு முதலில் ஆள் தெரியவில்லை, நீலம்தான் தெரிந்தது. அந்த நீலம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மருத்துவமனை டாக்டரின் தங்கை, "இவ்வளவு நீலம் வேண்டாம், இவ்வளவு வெள்ளையும் வேண்டாம்" என்று நாள் முழுக்கப் படுத்தியதில் அவரே கையால் துளித்துளியாகக் கலக்கியது. திரும்பிப் பார்த்தார். மருத்துவமனைச் சுவர் அதே நீலத்தில் நின்றது. போன வருடத்து வேலை.

அவர் கை தானாக எழுந்தது. முதலில் பிரஷின் ஒரு முகம், சாய்வாகக் கீழே. திருப்பி மறுமுகம், அதன் மேல் குறுக்காக. முனையில் தொங்குகிற கடைசிச் சொட்டுக்கு ஓர் ஓரத் தட்டு. முதுகு, பாரம், தலை. இத்தனை வருடமும் துடைக்கிற நேரத்தில் அவர் கண் வேலைச் சுவரில் இருந்திருக்கிறது. துடைத்த சுவரை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ரயில் நிலையத்தில் பார்த்த மங்கிய பச்சை, எதிரில் இருந்த ஊழியர் குடியிருப்பின் கதவுப் பச்சை. அதுவும் அவர் பூசியதுதான்.

"என்ன அண்ணே, தெரிஞ்ச ஆளா?"

"தெரிஞ்ச ஆள் மாதிரிதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, மறைக்கத் தெரியாமல் சொன்னார். "இது படம் இல்லம்மா. பிரஷ் துடைச்ச இடம். நான் துடைச்சது."

அவள் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். முதல் முறையாக முகம் முழுதாகத் தெரிந்தது. கோபமா, சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"போங்க அண்ணே. துடைச்சதா இது? இத்தனை நாளா பிரஷ் துடைச்ச இடத்துக்கா நான் கால் வச்சிட்டுத் திரிஞ்சேன்?"

"நான் அதைப் பார்த்துதான் வீட்ல படம் போட்டுட்டு இருக்கேன்."

"எதை? நீங்க துடைச்சதையா?"

"நீங்க கால் வச்சதை."

இருவரும் குழாய்க்குப் பின்னால் இருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஒரு பக்கமும் சேராமல் குனிந்தே நின்றது.

வீட்டில் சொன்னபோது மனைவி மெஷினை நிறுத்தினாள். மைத்துனன் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, அவர் கைப்பேசியில் எடுத்து வந்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"மாமா, இது என்னோடது."

"எது?"

"இந்த மருந்துக்கடை ஆளு. இடது பக்கமா சாயுது பாருங்க. நான் இடது கை. நீங்க துடைச்சா வலது பக்கம் சாயும். உங்களைப் பார்த்துத்தானே நானும் சுவத்துல துடைக்கறேன்? தபால் நிலையத்துதும் என்னோடது. இந்தா, இதுவும். அக்கா, உன் புருஷன் இத்தனை நாளா என் கையைத்தான் பெரிய கைன்னு சொல்லிட்டு இருந்திருக்காரு!"

"டேய், ரயில்வே ஸ்டேஷனது வலது பக்கம்டா."

"அது ஒண்ணுதானே? மெஜாரிட்டி என்னோடது."

மனைவி இருவரையும் பார்த்தாள். "ஒருத்தர் துடைச்சாரு. இன்னொருத்தன் அதப் பார்த்துத் துடைச்சான். ஒருத்தி அதுக்குக் கால் வச்சா. கால் வச்சதைப் பார்த்துத் துடைச்சவரே காப்பி அடிச்சாரு. நல்லா இருக்குடா உங்க பொழப்பு. நூலக அம்மாகிட்ட போய் இதைச் சொல்லிப் பாருங்க, அந்தம்மா கைல இருக்கற புஸ்தகத்தைத் தூக்கி எறியும்."

பெயிண்டர் அன்று மூலையில் உட்கார்ந்து தன் பலகைகளைப் பார்த்தார். நினைத்துச் செய்தது நொண்டுகிறது. நினைக்காமல் செய்தது நடக்கிறது. ஆனால் நினைக்காமல் செய்ததை எப்படி என்னுடையது என்று சொல்வது? தூக்கத்தில் உளறியதை நான் சொன்ன வார்த்தை என்று நாலு பேர் முன்னால் அடித்துச் சொல்ல முடியுமா? அப்படியென்றால் யாருடையது? மாஸ்க்கிடம் சரி என்று ஒரு வார்த்தை வாங்கலாம். அவள் ஆள் என்னுடையது இல்லை என்கிறாள். மைத்துனனிடம் வாங்கலாம், அவன் சரி என்று சொல்லமாட்டான், பாதிச் சுவர் கேட்பான். கயிறு எங்கே தொடங்குகிறது என்று இழுக்க இழுக்க முடிச்சுதான் இறுகியது.

நூலக அம்மா புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. முழுவதும் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப உங்களோடதுதான். நல்லதாப் போச்சு. எங்க, ஒண்ணு போட்டுக் காட்டுங்க, குழுத் தலைவரும் இருக்காரு. பார்த்துட்டா முடிஞ்சது."

வாளி வந்தது, பிரஷ் வந்தது, பழைய அட்டை ஒன்றும் வந்தது. பெயிண்டர் பிரஷை முக்கினார். ஒரு முகம் கீழே, மறுமுகம் குறுக்கே, ஓரத் தட்டு. எல்லாம் வரிசை தவறாமல் செய்தார். அட்டையில் ஒரு கறை இருந்தது. முதுகு இல்லை, பாரம் இல்லை. பசை கொட்டியது போல இருந்தது. இன்னொரு தடவை செய்தார். அது இன்னும் மோசம். போட்டோவுக்கு நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது போல விறைத்து நின்றது. குழுத் தலைவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது... எந்தப் பக்கம் மேல?"

பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்தார். "இன்னிக்கு வரல சார்," என்றார்.

"எப்ப வரும்?"

"அதுதான் தெரியல சார்."

கட்டட வேலை தொடங்கியது. வடக்கு, கிழக்கு, தெற்கு என்று வரிசை. மேற்குச் சுவர் கடைசி. பழைய பூச்சு உரிந்து, எதற்கும் தயாராகாமல், அது மட்டும் தனியாக நின்றது. பெயிண்டர் இடுப்பில் ஒரு துணியைச் செருகிக்கொண்டு வந்தார். பிரஷை எந்தச் சுவரிலும் துடைக்கக்கூடாது என்று முடிவு. துடைத்தால் அது படமா, கறையா என்று கை கேட்கும். கை கேட்க ஆரம்பித்தால் வேலை ஓடாது. மைத்துனனோ எதிர்மாறு. ஒவ்வொரு முறையும் மூலையைத் திரும்பி மேற்குச் சுவருக்குப் போய், வேண்டுமென்றே வளைத்து வளைத்துத் துடைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். ஒன்றும் தேறவில்லை. "என் கைக்கு என்னாச்சு மாமா?" என்று உள்ளங்கையைப் பார்த்தான். பழைய பூச்சைச் சுரண்டிய கையோடு அந்தக் கறைகளையும் பெயிண்டரே சுரண்டிவிட்டார்.

வடக்கும் கிழக்கும் முடிந்து தெற்குப் பக்கம் வந்தபோதுதான் சண்டை வந்தது. தெற்குச் சுவர் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தபடி இருந்தது, இடையில் ஒரு சாரம் கட்டுகிற அளவே சந்து. அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று, ஒரு கோட் போதும் என மைத்துனன் பேசி முடித்திருந்தது வெளியே வந்தது.

"யாரைக் கேட்டுடா ஒரு கோட்னு சொன்ன?"

"யாரு பார்க்கப் போறா மாமா? பூனைதான் போகும் அந்தச் சந்துல."

"பூனைக்குக் கண்ணு இல்லையா?"

"பூனை வந்து உங்களை ஒரு கோட்னு கூப்பிடப் போகுதா?"

"என் பேரைக் கெடுத்துட்டியேடா. இத்தனை வருஷத்துல ஒரு சுவர், ஒரு சுவராவது ஒத்தைக் கோட்ல விட்டிருக்கனா?"

"பேரு, பேரு! அந்தப் பேரு வச்சதே நான்தான், தெரியுமா?"

அது பெயிண்டருக்குத் தெரியாது. அதுவே தனிச் சண்டையாகிவிட்டது. சாரத்தின் மேல்தட்டில் ஒருவர், கீழ்த்தட்டில் ஒருவர். இரண்டாவது கோட்டையும் பூசிக்கொண்டே சண்டை போட்டார்கள். நூலகத்துக்குள் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். சாப்பாட்டு நேரத்திலும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாளும் ஓயவில்லை. இடுப்பில் செருகிய துணி எப்போது கீழே விழுந்தது என்று பெயிண்டருக்குத் தெரியாது. தெற்குச் சந்தின் வாசலில் வாளி இருந்தது; மூலையைத் திரும்பினால் மேற்குச் சுவர். வாய் ஒரு பக்கம் ஓட, கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

சாரத்தை இறக்கும் நாளன்று நூலக அம்மா வந்து, "முடிவு என்னாச்சு?" என்று கேட்கத் தொடங்கி, மேற்குப் பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு சொல்லவே இல்லையே."

பெயிண்டர் மூலையைத் திரும்பிப் பார்த்தார். சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில், இந்த முனையிலிருந்து நடுச்சுவர் வரை அவர்கள் நின்றார்கள். குனிந்தவர்கள், பாரம் தூக்கியவர்கள், ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டவர்கள், பாரத்தைப் பின்னாலிருப்பவர் தலையில் வைத்தவர்கள். சண்டை முற்றிய நேரத்தில் துடைத்தவை போலும், சிலருக்குத் தலை முன்னால் பாய்ந்திருந்தது. எல்லாம் கிரீம் கலர். பழைய சாம்பல் சுவரில் அது பால் போலத் தெரிந்தது. ஊரே வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ புறப்பட்டது போலிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் மாஸ்க் வெள்ளி டப்பாவோடு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. முகமூடியை ஏற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இந்த முனையிலிருந்து கால் வைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

"இதுல எது உங்களோடது?" என்று கேட்டார் நூலக அம்மா.

பெயிண்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நல்ல முதுகுள்ள ஒன்று, இரண்டு பாரம் தூக்கி, தலையை நிமிர்த்தி, மற்றவர்களுக்கு வழிகாட்டுவது போல முன்னால் போனது. "இது," என்றார்.

"மாமா, அது இடது பக்கம் சாயுது," என்றான் மைத்துனன்.

நூலக அம்மா சிரித்துவிட்டார். "சரி, விடுங்க. குழுகிட்ட நான் பேசிக்கறேன். கீழ இவங்க போகட்டும். மேல எவ்வளவு இடம் இருக்கு! அது உங்க பொறுப்பு. நீங்க என்ன நினைக்கறீங்களோ போடுங்க."

அந்த வார்த்தைக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். சுவர் அவருக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் ஏணியைச் சாய்த்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த நீலமும் துருச்சிவப்பும் பாசிப்பச்சையும் வாளி வாளியாகக் கீழே இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, காயவிட்டு, சுரண்டி, இந்த ஊரின் சுவரெல்லாம் இந்தச் சுவருக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். நீலத்தில் பிரஷை முக்கினார். ஏணியில் ஏறினார். பிரஷ் பாரமாக இருந்தது, துடைக்க வேண்டும்.

இடப்பக்கம் பார்த்தார். வடக்குச் சுவர், புதுக் கிரீம், இரண்டு கோட். வலப்பக்கம் தெற்கு, அதுவும் இரண்டு கோட், சண்டை போட்டுப் பூசியது. பின்னால் தெரு. ஊரில் இத்தனை வருடம் யாருக்கும் வேண்டாத ஒரு சுவர் எப்போதும் பக்கத்தில் இருந்தது. இங்கே இல்லை. எதிரில் இருந்த ஒரே சுவர் அவருடையது.

"மாமா, சொட்டுது! கீழ என் ஆளு தலையில சொட்டுது!" என்று மைத்துனன் கத்தினான்.

பெயிண்டர் சட்டென்று பிரஷைச் சுவரில் வைத்தார். ஒரு முகம் கீழே, மறுமுகம் குறுக்கே, ஓரத் தட்டு. கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். நீலத்தில் ஒன்று இருந்தது, தனியாக, மற்ற எல்லாருக்கும் மேலே. அது துடைத்ததா, வரைந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. சொட்டாமல் இருக்கத்தான் வைத்தார். ஆனால் வைக்கும்போது கண் அதன் மேல்தான் இருந்தது.

கீழே மாஸ்க் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நெற்றிக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, அதுக்குக் கால் வைக்கணுமா, வேண்டாமா?"

அவர் ஏணியில் ஒரு படி இறங்கிப் பார்த்தார். மறுபடி ஏறிப் பார்த்தார்.

"கொஞ்சம் இரும்மா," என்றார். "போகுதான்னு பார்க்கறேன்."